ஆறு பேர், நாலு நாள் ரேஸ்: மூன்றாவது ஆளுக்காகக் காத்திருக்கலாமா?

#1 எதிர்காற்று

வணக்கம் நண்பர்களே. நாங்கள் ஆறு பேர் சேர்ந்து முதல் தடவையாக ஒரு பல நாள் ரேஸுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். அமெச்சூர் அணிகளுக்கு மட்டுமான சாலை சைக்கிள் ரேஸ், மொத்தம் நாலு ஸ்டேஜ். முதல் நாள் 24 கி.மீ. டீம் டைம் ட்ரையல், அதாவது ஒவ்வோர் அணியும் தனியாகச் சேர்ந்து ஓட்டி நேரம் பார்ப்பது. இரண்டாம் நாள் 112 கி.மீ., முழுக்கச் சமவெளி. மூன்றாம் நாள் 96 கி.மீ.; 9 கி.மீ. நீள ஏற்றம் ஒன்று 62-ஆவது கி.மீ.யில் முடிகிறது, அப்புறம் 8 கி.மீ. இறக்கம், மீதி 26 கி.மீ. தட்டையான சாலை. கடைசி நாள் சுற்றுப்பாதை.

அணிக் கணக்கு வழக்கமானதுதான். ஒவ்வொரு ஸ்டேஜிலும் அணியில் முதலில் வரும் மூன்று பேரின் நேரத்தைக் கூட்டுவார்கள். நாலு நாள் கூட்டலில் குறைந்த நேரம் எடுத்த அணி ஜெயிக்கும். தனிநபர் கணக்கும் உண்டு.

எங்களுக்குள் இரண்டு வாரமாக ஒரே வாக்குவாதம். எங்களில் ஒருவன் மற்ற எல்லோரையும்விடத் தெளிவாக வலுவானவன். அவனுக்காக எல்லோரும் உழைத்தால் தனிநபர் கணக்கில் நல்ல இடம் பிடிப்பான். ஆனால் எங்களில் மூன்று பேருக்கு அணிக் கணக்கில்தான் ஆசை. அப்படியென்றால் மூன்றாவதாக வரும் ஆள்தான் முக்கியம். அவர் சமவெளியில் நன்றாக ஓட்டுவார், ஏற்றத்தில் பின்தங்குவார். மலையில் அவருக்காகக் காத்திருக்க வேண்டுமா, விட்டுவிட்டுப் போக வேண்டுமா? கேப்டன் நான் என்பதால் முடிவு என் தலையில். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 மலையேறி

காத்திருக்காதீர்கள். ஏற்றத்தில் அவரவர் வேகத்தில்தான் போக முடியும். மெதுவாக ஓட்டுபவரோடு ஒட்டிக்கொண்டால் இரண்டு பேரின் நேரமும் போய்விடும்.

#3 நீலச்சட்டை

மலையேறி, அவ்வளவு சீக்கிரம் முடிக்க வேண்டாம். கணக்கைப் பார்ப்போம்.

அ அணி: ஒருவன் 2 மணி 30 நிமிடத்தில் வருகிறான், இரண்டாமவன் 2:38, மூன்றாமவன் 2:44. கூட்டினால் 7:52. ஆ அணி: மூன்று பேரும் சேர்ந்து 2:36-இல் வருகிறார்கள். கூட்டினால் 7:48. அ அணியின் முதல் ஆள் ஆ அணிக்காரர்கள் எல்லோரையும்விட 6 நிமிடம் முன்னால் வந்திருக்கிறான். ஆனாலும் அணியாக 4 நிமிடம் தோற்றுவிட்டார்கள். அணிக் கணக்கில் முதல் ஆளின் ஒரு நிமிடத்துக்கும் மூன்றாம் ஆளின் ஒரு நிமிடத்துக்கும் ஒரே எடைதான். முதல் ஆளிடம் ஒரு நிமிடம் மிச்சம் பிடிக்க உயிரைக் கொடுக்க வேண்டும். மூன்றாம் ஆளிடம் மூன்று நான்கு நிமிடம் சும்மா சாலையில் கிடக்கும், குனிந்து எடுத்தால் போதும்.

பெரிய அமெச்சூர் ரேஸ்களில் இதற்கு உரிய மரியாதை இருந்தது. 1948-இல் தொடங்கி 2006 வரை நடந்த அமைதிப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வார்சா, பிராக் நகரங்களுக்கு இடையே ஆரம்பித்து, 1952-இலிருந்து பெர்லினும் சேர்ந்தது. அங்கே தனிநபர் முதலிடத்துக்கு மஞ்சள் சட்டை, முன்னிலையில் இருக்கும் அணி முழுவதற்கும் நீலச் சட்டை. ஓர் அணியே ஒரே நிறத்தில் நீலமாக ஓட்டி வருவதை நினைத்துப் பாருங்கள். எனக்கு மஞ்சளைவிட அதுதான் பிடிக்கும். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

#4 மலையேறி

கூட்டல் சரிதான். ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று பேர் சேர்ந்து வருவது மலையில் எப்படி நடக்கும்? முன்னால் போகிறவர் காற்றைத் தடுக்க, பின்னால் ஒட்டிப் போகிறவருக்குக் காற்றுமறைவு கிடைத்தால்தானே சேர்ந்து போவதில் லாபம்?

#5 பழைய_கியர்

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் போனால், உடம்பை மேலே தூக்க மட்டும் ஏறக்குறைய 245 வாட் வேண்டும். காற்றைத் தள்ள 10 வாட் அளவுதான். அதாவது இன்னொருவர் பின்னால் ஒட்டிக்கொண்டாலும் மிச்சமாவது மிகச் சொற்பம். அந்த இடத்தில் காத்திருப்பது சுத்த நஷ்டம். மலையேறி சொன்னது அதுவரை சரி.

சமவெளியில் கதை தலைகீழ். காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். மணிக்கு 36 கி.மீ.யிலிருந்து 40-க்குப் போக காற்றுக்கு மட்டும் 37 சதவீதம் கூடுதல் வாட் வேண்டும். மறைவில் இருப்பவருக்கு இந்தச் செலவில் கணிசமான பங்கு மிச்சம். அதனால் தனியாக 34-இல் போகக்கூடிய ஒருவர், தனக்குச் சமமான இரண்டு பேரோடு மாறி மாறி முன்னால் போய்க் காற்றை வாங்கி இழுத்தால் அதே களைப்பில் 37 வரை போவார்.

இப்போது எதிர்காற்று சொன்ன பாதையைப் பாருங்கள். இறக்கத்துக்குப் பிறகு 26 கி.மீ. தட்டை. தனியாக 34-இல் போனால் 45 நிமிடம் 53 விநாடி. மூன்று பேர் 37-இல் போனால் 42 நிமிடம் 10 விநாடி. வித்தியாசம் 3 நிமிடம் 43 விநாடி. உச்சியில் 3 நிமிடம் நின்று காத்திருந்தாலும், காத்திருந்தவருக்கே 43 விநாடி லாபம். பின்னால் வந்தவருக்குக் கிடைக்கும் லாபம் இதற்கு மேல் தனி.

நான் வைத்திருக்கும் கணக்கு: உச்சிக்குப் பிறகு தட்டையாக இருக்கும் ஒவ்வொரு 10 கி.மீ.க்கும் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் காத்திருக்கலாம். ஸ்டேஜ் மலை உச்சியிலேயே முடிந்தால் ஒரு விநாடிகூடக் கூடாது. எதிர்காற்று பலமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம், பின்காற்று என்றால் குறையுங்கள்.

#6 சங்கிலி

ஒரு திருத்தம். பழைய_கியர் அண்ணன் சொன்ன கணக்கு உச்சியில் தனியாக மாட்டிக்கொண்டவருக்குத்தான் பொருந்தும். எதிர்காற்றின் வலுவான ஆள் முன்னணிக் கூட்டத்தில் 15 பேரோடு உச்சியைத் தாண்டுகிறார் என்றால், அவர் ஏற்கெனவே மறைவில்தான் இருக்கிறார். அவரை இறக்கிவிட்டுக் காத்திருக்கச் சொன்னால் கூட்டம் போய்விடும், அந்த நேரம் திரும்ப வராது. முதல் ஆள் முன்னால் போகட்டும். இரண்டாவது ஆள் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். அவரும் ஒரு நல்ல கூட்டத்தில் இருந்தால் அதிலேயே இருக்கட்டும். நடுவில் ஒற்றையாக ஓட்டுகிறார் என்றால், அவர்தான் காத்திருக்க வேண்டிய ஆள்.

அதனால் 'தலைவனா, அணியா' என்ற உங்கள் வாக்குவாதமே தேவையில்லை. இரண்டையும் செய்யலாம்.

#7 பழைய_கியர்

சங்கிலி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் விட்ட இடம் அது.

#8 காற்றாடி

எங்கள் மகளிர் அணி இரண்டு முறை மூன்று நாள் ரேஸ் ஓட்டியிருக்கிறது. மலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். நாங்கள் அதிக நேரம் இழந்தது சமவெளி நாளில்.

பக்கக்காற்று வந்தால் மறைவு முன்னால் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்காது, சாய்வாகப் பக்கத்தில் இருக்கும். ஓட்டுகிறவர்கள் சாலையின் குறுக்கே படிக்கட்டு மாதிரி விரிவார்கள். சாலை அகலத்துக்கு எத்தனை பேர் அடங்குவார்களோ அத்தனை பேருக்குத்தான் மறைவு. அதற்கு அடுத்தவர் சாலை ஓரத்துக் கோட்டில் தொங்குவார். அவருக்குப் பின்னால் எல்லோரும் ஒற்றை வரிசையில், மறைவே இல்லாமல், முழு மூச்சில். அந்த வரிசையில் ஒருவர் ஒரு சைக்கிள் நீளம் விட்டால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் முடிந்தார்கள்.

நான் அந்தக் கோட்டில் தொங்கியிருக்கிறேன். முன்னால் இருந்தவளின் பின்சக்கரம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு முழம் ஆனது. எழுந்து நின்று மிதித்தேன், மறுபடி ஒரு சாண். உட்கார்ந்த உடனே ஒரு முழம், அப்புறம் ஒரு சைக்கிள் நீளம். அந்தச் சக்கரத்தில் ஒட்டியிருந்த ஒரு சின்னச் சருகுகூட எனக்குத் தெரிந்தது. அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டே தூரமாகப் போனது. அன்றைக்கு எங்கள் நான்கு பேரும் தனித்தனிக் குழுக்களில் வந்து சேர்ந்தோம். ஒன்பது நிமிடம் போனது. மறுநாள் மலையில் எவ்வளவு முயன்றும் ஒன்றரை நிமிடம்தான் மீட்க முடிந்தது.

பாதை வரைபடத்தை எடுத்து, சாலை எங்கெங்கே திசை மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் காற்றின் திசையைப் பார்த்து, பக்கக்காற்று விழும் திருப்பத்துக்கு 3 கி.மீ. முன்பே ஆறு பேரும் கூட்டத்தின் முன்பகுதிக்கு வந்துவிடுங்கள். திருப்பத்துக்குப் பிறகு முன்னேற முடியாது.

#9 எதிர்காற்று

காற்றாடி, படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. வரைபடத்தில் அப்படி இரண்டு திருப்பங்கள் இருக்கின்றன, குறித்துவிட்டேன். டீம் டைம் ட்ரையல் பற்றியும் யாராவது சொல்லுங்கள். நாலாவது ஆள் கோட்டைத் தாண்டும் நேரம்தான் அணியின் நேரம் என்று விதியில் இருக்கிறது.

#10 சங்கிலி

நாலாவது ஆள் நேரம் என்றால் இரண்டு பேரை இழக்கலாம், அதற்கு மேல் கூடாது. புது அணிகள் எல்லாம் ஒரே தவறைத்தான் செய்யும். வலுவான ஆள் முன்னால் வந்ததும் வேகத்தை 2 கி.மீ. ஏற்றிவிடுவார். அவருக்கு அது ஒன்றுமில்லை. இழுத்து முடித்துவிட்டு அப்போதுதான் பின்னால் போய்க்கொண்டிருக்கும் ஆளுக்கு அதுதான் சாவு, வரிசையின் கடைசிச் சக்கரத்தைப் பிடிக்கும் நேரத்தில் வேகம் கூடிவிடும். வலுவானவர் வேகமாக இழுக்கக் கூடாது, நீளமாக இழுக்க வேண்டும். மற்றவர்கள் 20 விநாடி என்றால் அவர் 50 விநாடி. வேகம் மாறவே கூடாது.

முன்னாலிருந்து விலகுபவர் காற்று வரும் பக்கமாக விலகட்டும், அப்போதுதான் முன்னேறுபவர்களுக்கு மறைவு கிடைக்கும். வரிசையின் கடைசி ஆள், தனக்கு முன்னால் விலகி வருபவருக்குக் கேட்கும்படி 'கடைசி' என்று கத்த வேண்டும். களைத்தவருக்கு எந்தச் சக்கரத்தைப் பிடிப்பது என்று குழப்பம் வரக்கூடாது.

களைப்பு எல்லை மீறும் ஆளைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் பேச்சு நிற்கும். அப்புறம் தண்ணீர் குடிப்பது நிற்கும். அப்புறம் இடுப்பு இருபுறமும் ஆடும். இடுப்பு ஆடும் நிலையில் அவரை முன்னால் வர விடாதீர்கள். பின்னாலேயே உட்கார்ந்து வரட்டும், அவர் நேரம் கணக்குக்கு வேண்டும்.

#11 மலையேறி

விதிப்புத்தகத்தை எல்லோரும் ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். நான் ஓட்டிய ஒரு ரேஸில் மூன்றாம் நாள் எங்களிடம் நாலு பேர் இருந்தோம். ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்குச் சோர்வு, இருவரும் விலகிக்கொண்டார்கள். மாலையில் அணிப் பட்டியலில் எங்கள் பெயரே இல்லை. மூன்று பேருக்குக் கீழே போனால் அணிக் கணக்கிலிருந்து நீக்கம் என்பது விதி. அது எங்களுக்குத் தெரிந்திருந்தால், சோர்ந்திருந்த அவர் எப்படியாவது மெதுவாக ஓட்டி முடித்திருப்பார். இரண்டு நாள் நாங்கள் நாலாவது இடத்தில் இருந்தோம். இன்னமும் மனசு ஆறவில்லை.

நேர வரம்பையும் பாருங்கள். அதற்கு மேல் தாமதமாக வந்தால் மறுநாள் தொடங்கவே விட மாட்டார்கள். சமவெளி ஸ்டேஜின் கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்தாலோ பஞ்சரானாலோ கூட்டத்தின் நேரத்தையே தரும் விதி பல ரேஸ்களில் உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

#12 நீலச்சட்டை

பஞ்சர் என்றதும் ரெனே வியெத்தோ நினைவுக்கு வருகிறார். 1930 முதல் 1961 வரை டூர் டி பிரான்ஸ் தேசிய அணிகளாக ஓட்டப்பட்டது. 1934-இல் பிரெஞ்சு அணியின் தலைவர் அந்தோனின் மாக்னே. அதே அணியில் ஓட்டிய வியெத்தோவுக்கு வயது 20, மலைகளில் எல்லோரையும் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். பைரனீஸ் மலையில் மாக்னேயின் சக்கரம் உடைந்ததும் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மறுநாள் மறுபடியும் மாக்னேக்குச் சிக்கல். முன்னால் போய்க்கொண்டிருந்த வியெத்தோ திரும்பி மலையில் எதிர்த் திசையில் ஓட்டி வந்து உதவினார். சுவரில் உட்கார்ந்து உதவி வண்டிக்காகக் காத்திருந்த அந்தப் பையனின் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாக்னே அந்த வருடம் ஜெயித்தார்.

இன்னொன்று, இது அமெச்சூர்களுடையது. 1960, கிழக்கு ஜெர்மனியின் ஜாக்சன்ரிங் பந்தயப் பாதை, உலக அமெச்சூர் சாம்பியன்ஷிப். கிழக்கு ஜெர்மனியின் குஸ்தாவ் அடால்ஃப் ஷூர் 1958, 1959 இரண்டு வருடமும் உலக சாம்பியன். சொந்த மண்ணில் மூன்றாவது பட்டம் கைக்கெட்டும் தூரம். கடைசியில் அவரோடு பெல்ஜியக்காரர் ஒருவரும், சக அணிக்காரர் பெர்ன்ஹார்ட் எக்ஸ்டைனும் இருந்தார்கள். எக்ஸ்டைன் தாவிப் போனபோது ஷூர் துரத்தவில்லை. பெல்ஜியக்காரர் ஷூரையே பார்த்துக்கொண்டிருந்தார். எக்ஸ்டைன் உலக சாம்பியன், ஷூர் இரண்டாமிடம்.

எதிர்காற்று, உங்கள் வலுவான நண்பரிடம் இந்த இரண்டாவதைச் சொல்லுங்கள். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பதைக்கூட அணிக்குப் பயன்படுத்தலாம்.

#13 பழைய_கியர்

வியெத்தோ மாதிரி சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது இப்போது அவ்வளவு சுலபமில்லை. ஆறு பேரின் சைக்கிளையும் ஒரே இடத்தில் நிறுத்தி, சக்கரங்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் பிரேக் என்றால் அச்சின் அளவு, டிஸ்க்கின் விட்டம் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் 160 மி.மீ., இன்னொருவர் 140 மி.மீ. வைத்திருந்தால் வேலைக்கு ஆகாது. பின்சக்கரத்தில் எத்தனை பல்சக்கரங்கள், 11-ஆ 12-ஆ என்றும் பாருங்கள். யார் சக்கரம் யாருக்குப் பொருந்தும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாலை ஓரத்தில் நின்று கண்டுபிடிக்கும் விஷயமில்லை இது.

#14 காற்றாடி

நாலு நாளும் தாங்க வேண்டும் என்றால், ஸ்டேஜ் முடிந்த அடுத்த சில மணி நேரம் ரொம்ப முக்கியம். தசை சேமித்து வைக்கும் எரிபொருளான கிளைக்கோஜன் முழுசாக நிரம்ப ஒரு நாள்கூட ஆகும், உங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. முதல் நாலு மணி நேரத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 1 கிராம் மாவுச்சத்து என்ற அளவில் சாப்பிட்டால் வேகமாக நிரம்பும். ஓட்டும்போது மணிக்கு 60 முதல் 90 கிராம். இதைப் பயிற்சியிலேயே வயிற்றுக்குப் பழக்குங்கள், ரேஸ் அன்று புதிதாக முயன்றால் வயிறு எதிர்க்கும்.

ஈர ஷார்ட்ஸோடு உட்கார்ந்து கதை பேசாதீர்கள். உடனே கழற்றிக் குளித்துவிடுங்கள். நன்றாக ஓட்டிய ஆளைக்கூட இருக்கைப் புண் வீட்டுக்கு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

#15 எதிர்காற்று

நண்பர்களே, ரேஸ் முடிந்து நேற்றுத்தான் வந்தோம். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

டைம் ட்ரையலில் எட்டாவது இடம். வலுவானவன் 50 விநாடி இழுத்தான், வேகத்தை ஏற்றவில்லை, 20-ஆவது கி.மீ. வரை ஆறு பேரும் சேர்ந்தே இருந்தோம். சமவெளி நாளில் முதல் திருப்பத்தில் நான்கு பேர் முன்னால் இருந்தோம். இரண்டு பேர் கோட்டில் தொங்கிப் பிரிந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் அன்றே கீழே விழுந்து தோள்பட்டையில் அடி, விலகிவிட்டார். எலும்பு முறிவு இல்லை.

மூன்றாம் நாள். வலுவானவன் முன்னணிக் கூட்டத்தோடு உச்சியைத் தாண்டினான், போகட்டும் என்று விட்டோம். நான் இரண்டாவது ஆள், உச்சியில் என் முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. சங்கிலி சொன்ன அதே நிலைமை. 26 கி.மீ.க்கு 3 நிமிடம் 43 விநாடி என்று மனசில் இருந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டி ஒருவர் போனார். அப்புறம் இரண்டு பேர். ஒவ்வொருவர் போகும்போதும் கை தானாகவே ஹேண்டில்பாருக்குப் போகும், இழுத்து வைத்துக்கொள்வேன். 2 நிமிடம் 20 விநாடியில் நம் மூன்றாவது ஆள் வளைவில் தெரிந்தார், நாலாவது ஆளையும் கூட்டிக்கொண்டு. இறக்கம் முடிந்ததும் மூன்று பேரும் சேர்ந்து போனோம், கொஞ்ச தூரத்துக்குப் பிறகு மூன்று பேரும் மாறி மாறி இழுத்தோம். என்னைத் தாண்டிப் போன அந்த மூன்று பேரையும் கோட்டுக்கு 5 கி.மீ. இருக்கும்போது பிடித்தோம்.

அன்றைய அணிப் பட்டியலில் நாலாவது இடம். மொத்தத்தில் ஆறாவது. தனிநபர் கணக்கில் எங்கள் ஆளுக்குப் பதினொன்று. இரண்டும் எங்களுக்குப் பெரிய விஷயம். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகப் பழைய_கியர் அண்ணனுக்கு. கடைசி நாள் பஞ்சரான பின்சக்கரம் 40 விநாடியில் மாறியது.

#16 மலையேறி

கால் ஊன்றி நிற்பதை நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன். செய்தீர்களே, வாழ்த்துகள்.

#17 மூன்றாம்_ஆள்

வணக்கம். இந்த இழை முழுக்கப் பேசப்பட்ட அந்த மூன்றாவது ஆள் நான்தான். இன்றுதான் கணக்குத் தொடங்கினேன்.

ஒரு விஷயம் யாரும் எழுதவில்லை. கேப்டன் காத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதனால் கடைசி 2 கி.மீ. ஏற்றத்தில், அவர் போய்விடுவாரோ என்ற பயத்தில் என் அளவுக்கு மேல் மிதித்துவிட்டேன். உச்சியில் கண் இருட்டியது. இறக்கத்தின் முதல் வளைவில் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்தேன், சாலை ஓர மண்ணில் சக்கரம் ஏறி இறங்கியது. தட்டையான சாலையில் முதல் 6 கி.மீ. என்னால் முன்னால் வரவே முடியவில்லை, அவர்கள் இருவரும்தான் இழுத்தார்கள். மூன்றரை நிமிடம் வரை நிற்பார் என்று காலையிலேயே சொல்லியிருந்தால் என் வேகத்தில் ஏறியிருப்பேன். அரை நிமிடம் தாமதமாக வந்திருப்பேன், ஆனால் வந்ததும் இழுத்திருப்பேன்.

#18 சங்கிலி

இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. காத்திருக்கும் நேரத்தைக் காத்திருப்பவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் பாதிப் பயன்தான்.

#19 எதிர்காற்று

நீ அந்த வளைவில் மண்ணில் இறங்கியதை என்னிடம் சொல்லவே இல்லையே. சரி, அடுத்த தடவை ஒவ்வொரு மலைக்கும் காத்திருக்கும் நேரத்தை ஒரு சீட்டில் எழுதி ஆறு பேரின் ஹேண்டில்பாரிலும் ஒட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியிலேயே ஒட்டி ஓட்டிப் பார்ப்போம். எத்தனை நிமிடம் என்பதை நீயே எழுது.